அப்பாவின் புல்லட்டும் ஒரு நாற்பது ரூபாய் நோட்டும்

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘அப்பா காலத்து டிராக்டர் பத்து வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. செலவு செய்து ஓட வைக்கலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா?’ இன்ஜினை எப்படிச் சோதிப்பது என்று அதற்கு நல்ல பதில் வந்திருந்தது. செலவு எவ்வளவு ஆகும் என்பதை மட்டும், ‘வண்டியின் நிலையைப் பொறுத்தது’ என்று முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரியில்தான் நான் ஒன்றேமுக்கால் வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தேன். என் வண்டி டிராக்டர் அல்ல, புல்லட். ஆனாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மூன்றரை ஏக்கர். ஒரு ஏக்கரில் மஞ்சள், கொஞ்சம் நெல், வரப்போரம் தென்னை, மூன்று கறவை மாடு. அப்பா 1981-ல் மஞ்சள் விற்ற காசில் புதிதாக எடுத்தது அந்த என்ஃபீல்டு புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். வாய்க்கால் மேட்டில் வரும்போதே சத்தம் கேட்டு அம்மா உலை வைப்பார். 2009-ல் அப்பா தவறிய பிறகு வண்டி சாளையில் தீவனத்தட்டுக்குப் பக்கத்தில் நின்றது. 14 வருடம் யாரும் தொடவில்லை. கோழி அதன் சீட்டில் ஏறி முட்டை வைத்த காலமும் உண்டு.

எனக்குச் சீட்டாட்டம் கிடையாது, குடி கிடையாது. ஐம்பது வயதில் ஒரே ஒரு ஆசை, அந்த வண்டியை என் கையால் பிரித்து, என் கையால் கோத்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். 2023 தை மாதம் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டேன். இன்ஜின் வேலை 8,000, டயர் டியூப் 4,000, பெயின்ட் 4,000, வயரிங் பேட்டரி 2,000, மற்றது 2,000. மொத்தம் 20,000 ரூபாய். வீட்டம்மாவிடம் காட்டினேன். “இருபதாயிரத்துல முடிஞ்சிருமுங்களா?” என்றார். “கூடப் போனா ரெண்டாயிரம்” என்றேன்.

எங்கள் மகள் பி.காம். படிக்கிறாள். அந்தத் தாளைப் பார்த்தவள் கடையில் நாற்பது ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தாள். தேதி, என்ன செலவு, எவ்வளவு, காசு எங்கிருந்து வந்தது.

“நாலாவது கட்டம் எதுக்கு கண்ணு? எல்லாம் என் பாக்கெட்ல இருந்துதான்” என்றேன்.

“உங்க பாக்கெட்டுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதுங்கப்பா” என்றாள். விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

திறக்காத இன்ஜினுக்கு விலை கிடையாது

கோபியில் முப்பது வருடமாகப் பழைய புல்லட் மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், “எவ்வளவு ஆகுமுங்ணா?” என்று கேட்டேன். “தம்பி, தொறக்காத இன்ஜினுக்கு வெல சொல்றவன் ஜோசியக்காரன். நான் மெக்கானிக்” என்றார்.

திறந்தபோது தெரிந்தது. பிஸ்டன் துருவில் சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. ஒரு வாரம் டீசல் ஊற்றி ஊறவைத்த பிறகுதான் அசைந்தது. கார்புரேட்டருக்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தது. பழைய 6 வோல்ட் வயரிங்கை எலி முழுதாகத் தின்றிருந்தது. டேங்க்குக்குள் துரு தட்டையாக உரிந்து சலசலத்தது. நிற்கும் வண்டி கெடாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டிதான் வேகமாகக் கெடுகிறது. மோட்டார், ஸ்பிரேயர், பவர் டில்லர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஒரு நல்லது, புல்லட்டுக்கு உதிரிபாகம் கிடைக்கும். சென்னைக்குப் பக்கத்தில் திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய தயாரிப்பு அது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினையே பல பத்து வருடம் பெரிய மாற்றமில்லாமல் செய்துவந்தார்கள். அதனால் கோவையிலும் ஈரோட்டிலும் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காததைச் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் வரவழைத்தோம். உங்கள் வண்டிக்குக் கம்பெனி மூடிப் பல வருடம் ஆகியிருந்தால், வேலை தொடங்குமுன் ஒரு பிஸ்டனும் ஒரு கிளட்ச் பிளேட்டும் எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். அது தெரியாமல் வண்டியைப் பிரிக்காதீர்கள்.

டூல் பாக்ஸில் இருந்த ரசீது

இனி எழுதுவது எனக்குப் பெருமையான பகுதி அல்ல.

மாசி மாதத்திலேயே 20,000 தீர்ந்தது. மஞ்சள் விற்ற காசில் இன்னும் கொஞ்சம் எடுத்தேன். தேங்காய்க் காசு போனது. சித்தப்பாவிடம் கைமாற்று 11,000 வாங்கினேன். எல்லாவற்றையும் நோட்டில் ஒழுங்காக எழுதினேன். அதற்குப் பிறகு எழுதுவதற்கே கூச்சமாகிவிட்டது.

சொசைட்டிப் பால் பணம் வீட்டம்மாவின் வங்கிக் கணக்கில்தான் விழும். அதில் தட்டு வெட்டும் மிஷினுக்கென்று அவர் மாதாமாதம் ஒதுக்கிவந்தார். மிஷின் விலை 28,000. மூன்று மாட்டுக்கும் சோளத்தட்டையும் கோ-4 புல்லையும் தினமும் அரிவாளில் நறுக்குவது அவர்தான். வலது தோள்பட்டை வலி என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏ.டி.எம். அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. சித்திரையிலிருந்து ஆனிக்குள் அந்தக் கணக்கிலிருந்து 18,000 ரூபாய் எடுத்தேன். கேட்டால் ‘மஞ்சள் வெட்டி வந்ததும் போட்டுவிடலாம்’ என்று எனக்கு நானே ஒரு பதில் தயார் செய்துகொண்டேன். அவர் கேட்கவே இல்லை. பாஸ்புத்தகத்தைப் பதிந்து பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அதில் 10,300-ஐ நோட்டில் ‘மஞ்சள் காசு’ என்று எழுதினேன். மீதி 7,700-ஐ எழுதவே இல்லை. முலாம் பூசியதற்கு 4,500, சீட் தைத்து, டேங்க்கில் கையால் தங்கக் கோடு போட்டதற்கு 3,200. அந்த இரண்டு ரசீதையும் வண்டியின் டூல் பாக்ஸுக்குள் கந்தைத் துணிக்கு அடியில் வைத்தேன்.

ஆடி மாதம் ஒரு நாள் மகள் ஸ்பேனர் எடுக்கப் போய், ரசீதோடு வந்தாள். அவள் அம்மாவிடம் போகவில்லை. நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்து, “இது ரெண்டுக்கும் நாலாவது கட்டத்துல என்னப்பா எழுதறது?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு ராத்திரி வீட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். பால் குண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “மாமாவோட வண்டி. வித்துப் போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த நோட்டுல என் காசுன்னு எழுதுங்க. மஞ்சள் காசுன்னு எழுதாதீங்க. மஞ்சளா வந்து தட்டு நறுக்குது?” என்றார்.

மறுநாள் மகள் சிவப்பு மையில் எழுதினாள்: ‘அம்மாவின் தட்டு மிஷின் பணம் - 18,000.’ அந்த வரியைப் பார்த்துக்கொண்டு என்னால் ஸ்பேனரைத் தொட முடியவில்லை. டேங்க் பளபளவென்று பெயின்ட் அடித்து பரணில் இருந்தது. சட்டம் சாளையில் இருந்தது. எட்டு மாதம் அப்படியே விட்டேன். 2024 மாசியில் மஞ்சள் வேகவைத்து, பாலிஷ் போட்டு விற்ற முதல் காசில் மிஷின் வாங்கி மோட்டார் மாட்டினோம். ஒரு மணி நேர வேலை கால் மணியில் முடிகிறது. மிஷினுக்குக் குறைந்த 18,000 அப்படித் திரும்பியது. சிவப்பு வரிக்குப் பக்கத்தில் ‘திருப்பிக் கொடுத்தாச்சு’ என்று வீட்டம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் இன்ஜினைக் கோத்தோம்.

மொத்தக் கணக்கு

2024 ஆயுத பூஜைக்கு வண்டி பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. அன்று மகள் நோட்டைக் கூட்டிக் கொடுத்தாள். அப்படியே தருகிறேன்:

- இன்ஜின்: பிஸ்டன், வால்வு, கிராங்க் வேலை, பேரிங், லேத் கூலி, மெக்கானிக் கூலி - 28,050
- கிளட்ச், செயின், ஸ்பிராக்கெட் - 5,650
- டயர், டியூப், ஸ்போக்ஸ், பிரேக் ஷூ - 9,800
- வயரிங், பேட்டரி, காயில், விளக்கு, ஹாரன் - 7,300
- கார்புரேட்டர் - 2,350
- டேங்க் துரு எடுத்தல், டிங்கரிங், பெயின்ட், முலாம், சீட் - 14,900
- சைலன்சர், கேபிள், ரப்பர், நட்டு போல்ட் - 6,150
- பெயர் மாற்றம், பதிவு புதுப்பித்தல், வரி, காப்பீடு - 9,200
- பஸ் செலவு, பார்சல் கூலி, டீ, சில்லறை - 6,480
- தவறுக்குக் கொடுத்த விலை - 4,720

மொத்தம் 94,600 ரூபாய். காலண்டர் தாளில் போட்ட கணக்கைப் போல நாலேமுக்கால் மடங்கு.

இதில் மூன்று வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடைசி வரி ‘தவறுக்குக் கொடுத்த விலை’ என்பது மகள் வைத்த பெயர். விலை குறைவு என்று பேர் தெரியாத ஒரு பிஸ்டன் செட்டை மாட்டச் சொன்னது நான். புது பிஸ்டன் போட்டால் முதல் ஐந்நூறு கிலோமீட்டராவது மெதுவாக, பாரம் ஏற்றாமல், இடையிடையே நிறுத்தி ஆறவைத்து ஓட்ட வேண்டும். மச்சான் ஊருக்குக் கெத்தாகப் போக வேண்டும் என்று நூற்று நாற்பதாவது கிலோமீட்டரிலேயே முறுக்கினேன். நடுவழியில் பிஸ்டன் பிடித்தது. மறுபடியும் சிலிண்டர் போர் போட்டு, அடுத்த ஓவர்சைஸில் நல்ல பிஸ்டன் போட்டதில் 2,900 கூடுதல். இன்ஜின் ஓடுமா என்று பார்க்குமுன் பெயின்ட் அடித்ததும் நான்தான். இன்ஜினை ஏற்றி இறக்கியதில் சட்டம் கீறி, திரும்ப அடிக்க 1,820. ஓடவைத்துப் பார்த்த பிறகே அழகு என்று மெக்கானிக் அண்ணன் தலைப்பாடாகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

ஆவண வரியை நான் முதலில் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி, படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அப்பா 2011 வரை செல்லும்படி புதுப்பித்திருந்தார். உரிமையாளர் இறந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். நான் பதினைந்து வருடம் கழித்துப் போனேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தங்கையின் சம்மதக் கடிதம் என்று நடந்த நடை கொஞ்சமல்ல. அப்பாவின் ஆர்.சி. புத்தகத்தை அம்மா பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பித்தேன். ஆர்.சி. இல்லாத வண்டிக்கு ஒரு ரூபாய் செலவு செய்யுமுன் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். 50 வருடம் தாண்டிய இருசக்கர வாகனம், காரைப் ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதியும் விதி 2021-ல் வந்திருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்ததை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. சந்தைக்கும் தோட்டத்துக்கும் ஓட்ட நினைப்பவர்களுக்கு அது உதவாது.

மூன்றாவது, டீயும் பஸ்ஸும். இருபது, முப்பது ரூபாயாகப் போனதெல்லாம் 6,480 ஆகியிருக்கிறது. எழுதியிருக்காவிட்டால், ‘ஒரு ஆயிரம் ஆகியிருக்கும்’ என்று சத்தியம் செய்திருப்பேன்.

400 ரூபாய் லாபம்

பாரியூர் குண்டம் திருவிழாவுக்கு வண்டியில் போயிருந்தோம். ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “95,000 தர்றேனுங்க, இப்பவே” என்றார். வீட்டுக்கு வந்து மகளிடம், “பார்த்தியா, 400 ரூபா லாபம்” என்றேன்.

“உங்க கூலி எங்கப்பா?” என்றாள். அரைநாள் அரைநாளாக 52 நாள் உழைத்ததை அவள் நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள். 26 முழு நாள். எங்கள் பக்கம் ஆண் கூலி 600 என்று வைத்தால் 15,600. ஆக, விற்றால் 15,200 நஷ்டம்.

விற்கவில்லை. பொழுதுபோக்கு என்று தெரிந்து செய்த செலவு அது. நஷ்டம் என்பதால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ‘உங்க கூலி எங்க’ என்ற கேள்வி மனதில் நின்றுவிட்டது. முப்பது வருடமாக மஞ்சள் வைக்கிறேன். ஏக்கருக்கு என்ன செலவு என்று யார் கேட்டாலும் “ஒரு லட்சம்” என்பேன். அந்த வருடம் மஞ்சளுக்கும் அதே நாலு கட்டம் போட்டு எழுதினோம். கையிலிருந்து ரொக்கமாகப் போனது ஏறக்குறைய ஒரு லட்சம்தான். ஆனால் சொந்த விதை மஞ்சளை நான் எப்போதும் எழுதியதில்லை. விற்றிருந்தால் அது 22,000. நகைக்கடன் வட்டி 6,800. வீட்டு ஆள் நாங்கள் இறங்கி வேலை செய்த கூலி 12,500. சேர்த்தால் 1,41,300. ஆசைக்கு வாங்கிய வண்டியின் கணக்கு பைசா சுத்தமாகத் தெரிகிறது. சோறு போடும் பயிரில் 41,300 ரூபாய் கண்ணில் படாமலே இத்தனை வருடம் போயிருக்கிறது. இதில் எது விளையாட்டு என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது பாலுக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் முதல் பக்கத்தில் வீட்டம்மா தன் நேரத்தை எழுதியிருக்கிறார். விடியற்காலை நாலரைக்குத் தொடங்கி, இரண்டு வேளையும் சேர்த்து தினம் நாலு மணி நேரம். அந்த வரிக்கு எதிரே தொகை போடும் இடத்தை இன்னும் காலியாகவே விட்டிருக்கிறார். “நீங்களே போடுங்க” என்று என்னிடம் நோட்டைக் கொடுத்துவிட்டார். போட்டால் லிட்டருக்கு என்ன நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு வாரமாகப் பேனாவை எடுக்காமல் இருக்கிறேன். இந்தக் கட்டுரையை அனுப்பிவிட்டு எழுதிவிடுவேன்.

கேள்வி கேட்ட வாசகருக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். முதலில் ஆர்.சி.யையும் வாரிசுக் காகிதங்களையும் தேடி எடுங்கள். இன்ஜினைத் திறக்க மட்டும் ஒரு தொகை ஒதுக்கி, திறந்து பார்த்த பிறகு கணக்குப் போடுங்கள். போட்ட கணக்கை இரண்டு மடங்காக்கி வீட்டில் சொல்லுங்கள். எந்தத் தொகையில் நிறுத்திக்கொள்வது என்று அன்றே முடிவு செய்து நோட்டின் அட்டையில் எழுதுங்கள். பெயின்ட் கடைசியில். உழவுக்கு வேண்டும் என்றால் அதே செலவில் வாடகை டிராக்டர் எத்தனை வருடம் ஓட்டலாம் என்று வகுத்துப் பாருங்கள். அப்பாவின் வண்டி என்பதற்காக என்றால், அதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அது தப்பில்லை. நாலாவது கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.

நோட்டு நாற்பது ரூபாய். அதையும் முதல் வரியில் எழுதிவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். மகள்தான் பிறகு சில்லறையில் சேர்த்தாள்.